நார்லண்ட் வீடு காரைக்குடிக்கு வந்த கதை

சாகக் கிடக்கும் அப்பாவுக்கு ஜான் டாஷ்வுட் வாக்குக் கொடுக்கிறான்: சித்தியையும் மூன்று தங்கைகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன். கொடுத்த கணத்தில் அவனுக்கே மனம் நிறைந்துபோகிறது. தங்கைக்கு ஆயிரமாக 3,000 பவுண்டு கொடுத்துவிடுவது என்று தனக்குள் கணக்கும் போட்டுவிடுகிறான். இதைக் கேட்ட மனைவி ஃபேனி சண்டை பிடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. நம் பையனின் பங்கிலிருந்து இவ்வளவு எடுக்கலாமா என்று மட்டும் கேட்கிறாள். 3,000 பாதியாகிறது. மொத்தமாக எதற்கு, சித்தி இருக்கும்வரை வருஷத்துக்கு 100 தரலாமே என்கிறான் அவன். வருஷா வருஷம் பணம் வருகிறது என்றால் யாரும் லேசில் சாக மாட்டார்கள் என்கிறாள் அவள். சரி, அவ்வப்போது 50. அதுவும் எதற்கு? வீடு மாறும்போது சாமான் கொண்டுபோக ஒரு கை கொடுத்தால் போதும்; பருவத்தில் கொஞ்சம் மீனும் வேட்டைக்கறியும் அனுப்பினால் தாராளம். பேச்சு முடிவதற்குள், யோசித்துப் பார்த்தால் அவர்கள்தான் நமக்கு ஏதாவது கொடுக்கும் நிலையில் இருப்பார்கள் என்ற இடத்துக்கே ஃபேனி வந்து சேர்ந்துவிடுகிறாள்.

ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் இரண்டாம் அத்தியாயம் இது. 1811-இல், ஆசிரியர் பெயரே இல்லாமல், ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்ற குறிப்போடு வெளிவந்த புத்தகம். பெயர்களை மட்டும் அழித்துவிட்டு வாசித்துக் காட்டினால், பாகப்பிரிவினை பார்த்த எந்தத் தமிழ்க் குடும்பமும் “அட, இது நம்ம பெரிய அண்ணி” என்று சொல்லிவிடும்.

இப்படிச் சொல்லத் தோன்றுவதால்தான், ஆஸ்டினை நம் ஊருக்குக் கொண்டு வருவது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெண் பார்த்தல், வரன் தேடல், சொத்து, ஊர் வாய் எல்லாம் இங்கேயும்தான் இருக்கிறதே என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆசையும் பொறாமையும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்; அவற்றை வைத்து மட்டும் ஒரு நாவலை நகர்த்த முடியாது. பாத்திரங்கள் எதைச் செய்ய முடியாமல் நிற்கிறார்கள் என்பதில்தான் கதை ஓடுகிறது. அந்த ‘முடியாது’ ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறு. பழைய நாவலைப் புதிய ஊரில் குடிவைப்பவரின் வேலையில் முக்கால் பங்கு, பழைய தடை இருந்த அதே இடத்தில் இந்த ஊரில் எந்தத் தடை இருக்கிறது என்று தேடுவதுதான். தேடிக் கண்டுபிடித்தால் காட்சி உயிரோடு எழுந்து நிற்கும். கிடைக்காவிட்டால் எத்தனை நல்ல நடிகர்கள் இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு ஓட்டை தெரியும்.

இதைப் பார்க்க நமக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2000 மே மாதம் வெளிவந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’. ராஜீவ் மேனன் இயக்கம், சுஜாதா வசனம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை. நாவலின் மூன்று சகோதரிகளில் மூத்தவள் எலினார் இங்கே சௌம்யா (தபு), நடுவில் மரியான் மீனாட்சி (ஐஸ்வர்யா ராய்), கடைக்குட்டி மார்கரெட் கமலா (ஷாமிலி), அம்மா பத்மா (ஸ்ரீவித்யா). நார்லண்ட் பண்ணை வீடு காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு மாளிகையாகிறது. ஐந்து வருஷம் முன்பு, 1995-இல், தைவானில் பிறந்த ஆங் லீ இதே நாவலை அதன் காலத்திலேயே, இங்கிலாந்திலேயே வைத்துப் படமாக்கியிருந்தார். அங்கே எதையும் மாற்றத் தேவையிருக்கவில்லை. இங்கே ஒவ்வொரு ஆணியையும் பிடுங்கி வேறு மரத்தில் அடிக்க வேண்டியிருந்தது.

முதல் ஆணி, வீடு. நாவலில் பெண்கள் ஏன் வீட்டை இழக்கிறார்கள்? ஆண் வாரிசுக்கு மட்டுமே சொத்து போகும் என்ற பழைய இங்கிலாந்து வழக்கத்தால் என்று பலர் நினைவிலிருந்து சொல்வார்கள். அது ஆஸ்டினின் இன்னொரு நாவலான ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ கதை. இதில் நடப்பது வேறு: பெண்களின் அப்பாவுடைய வயதான பெரியப்பா எழுதிய உயில். பேத்தி முறையான இந்தப் பெண்களும் அவர்கள் அம்மாவும் பத்து வருஷம் அவரைக் கவனித்துக்கொண்டிருக்க, எப்போதாவது வந்துபோகும் ஜானின் நாலு வயதுப் பையனின் மழலையிலும் கத்தலிலும் கிழவர் சொக்கிப்போய், சொத்து கடைசியில் அவனிடம் போய்ச் சேரும்படி எழுதிவைத்துவிடுகிறார். பெண்களுக்குத் தலைக்கு 1,000 பவுண்டு. அம்மாவின் பங்கையும் சேர்த்தால் மொத்தம் 10,000; அதிலிருந்து வருஷ வருமானம் 500. அவ்வளவுதான்.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு, ஆனால் உயில் எல்லா ஊரிலும் உயில்தான். 2000-இல் தமிழ்நாட்டில் கதை எழுதுகிறவருக்கு இது பெரிய வரம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தனிச்சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் திருத்தியது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது கிடையாது. நாடு முழுக்க அந்த உரிமை வந்தது 2005-இல். ஆக, படத்தில் பத்மாவின் அப்பா, அந்தத் தாத்தா, உயில் எழுதாமல் வெறுமனே செத்துப்போயிருந்தால் பத்மாவுக்கும் பங்கு வந்திருக்கும், படம் அங்கேயே முடிந்திருக்கும். முழுசாக முடிந்திருக்காது என்பது வேறு விஷயம். 1956 சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை மகன்கள் பிரிக்க முன்வரும்வரை மகள் பிரித்துக் கேட்க முடியாது என்று சொன்னது. பங்கு உண்டு, கேட்க முடியாது! 2005 திருத்தத்தில்தான் அந்தப் பிரிவு ஒழிந்தது. நாவலாசிரியர்கள்கூட இவ்வளவு நுட்பமான கொடுமையைக் கற்பனை செய்ய மாட்டார்கள்.

படம் உயிலையே எடுத்துக்கொண்டது. ஆனால் உயிலுக்கான காரணத்தை மாற்றியது. ஆஸ்டினின் கிழவர் சும்மா ஒரு சபலத்தில் எழுதுகிறார். அந்த அபத்தம்தான் அவருடைய நகைச்சுவை. நம் பார்வையாளர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். கவனித்துக்கொண்ட மகளை விட்டுவிட்டுக் காரணமில்லாமல் இன்னொருவருக்கு எழுதும் தாத்தா என்றால், “என்னய்யா லாஜிக்” என்று இருக்கையிலிருந்தே கேட்பார். அதனால் சுவாமிநாதன் என்ற மகனுக்கு எல்லாவற்றையும் எழுதிவைத்த உயிலுக்கு ஒரு பழைய கோபம் பின்னணியாகிறது: மகள் பத்மா ஒரு காலத்தில் அப்பாவைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள். கோபம் எப்போதோ ஆறிவிட்டது. காகிதம் ஆறவில்லை. படுத்த படுக்கையில் தாத்தா எதையோ சொல்ல முயன்று, சொல்ல முடியாமலே போய்ச் சேர்கிறார். காதல் கல்யாணத்துக்கான தண்டனை ஒரு தலைமுறை தள்ளிப் பேத்திகள் தலையில் விழுகிறது. இந்த ஒரு இடத்தில் தமிழ்ப் படம் மூலநாவலைவிட இறுக்கமாக இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

அதைவிடப் பெரிய லாபம் உறவு முறையில் வருகிறது. நாவலில் வீட்டை எடுத்துக்கொள்ளும் ஜான், பெண்களுக்கு அப்பா வழி அண்ணன், வேறு தாய் வயிற்றுப் பிள்ளை. தமிழில் அப்படியே வைத்திருந்தால் ‘மூத்த தாரத்து மகன்’ என்ற ஒற்றைச் சொல்லில் அவனை வில்லனாக்கி முடித்திருக்கலாம். படம் அவனைப் பத்மாவின் உடன்பிறந்தவன் ஆக்கியது. அதாவது அந்தப் பெண்களுக்குத் தாய்மாமன். காது குத்த மடி கொடுப்பவன், பெரியவளானால் சீர் கொண்டு வருபவன், கல்யாணத்தில் முதல் வரிசை யாருடையது என்றால் அவனுடையது. ஆங்கிலத்தில் மாமா என்றால் மாமா, அவ்வளவுதான். இந்தச் சொல்லின் கனம் அங்கே கிடையாது. எங்கள் பெரியம்மா ஆஸ்டின் என்ற பெயரையே கேள்விப்பட்டவர் இல்லை. ஒரு பொங்கலுக்குத் தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடியபோது, வீட்டைக் காலி செய்யும் இடம் வந்ததும், அரிந்துகொண்டிருந்த காயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஊரான் ஏமாத்தினா போலீசுக்குப் போகலாம். தாய்மாமன் ஏமாத்தினா எங்க போறது?” அந்தக் கேள்வி ஆஸ்டினிடம் இல்லை. ஊர் மாறியதால் வந்து சேர்ந்தது.

மாளிகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மா தேக்குத் தூண்களும் வெளிநாட்டுப் பளிங்கும் வைத்து நகரத்தார் கட்டிய அந்த வீடுகள், கீழ்த்திசை வணிகம் நொடித்த பிறகு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. பிற்பாடு அவற்றில் பலவற்றுக்கு வருமானம் தந்தது சினிமா ஷூட்டிங். படத்தில் மனோகர் (அஜித்) அந்த வீட்டுக்குள் நுழைவதே படப்பிடிப்பு விஷயமாகத்தான். நாவலில் எலினார் விரும்பும் எட்வர்ட், ஃபேனியின் தம்பி என்ற உறவில் விருந்தாளியாக வருகிறான். 2000-இல் ஓர் அந்நிய இளைஞன் வயதுப் பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் நாள்கணக்கில் நடமாட என்ன சாக்கு? காரைக்குடிப் பக்கம் அந்தக் கேள்விக்கு ஊருக்கே தெரிந்த பதில் இருந்தது.

வீட்டை இழந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதில்தான் இரண்டு கதைகளும் பிரிகின்றன. டாஷ்வுட் பெண்கள் டெவன்ஷயரில் ஒரு சொந்தக்காரர் குறைந்த வாடகைக்குத் தரும் சின்ன வீட்டுக்குப் போகிறார்கள். சின்ன வீடு என்றாலும் இரண்டு வேலைக்காரிகள், ஒரு வேலைக்காரன். அவர்களால் செய்ய முடியாத ஒன்றே ஒன்று, சம்பாதிப்பது. அந்தத் தட்டில் பிறந்த பெண் வேலைக்குப் போவது என்றால் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகலாம். அதுவும் தட்டு இறங்கியதன் அடையாளம். ஆகவே காத்திருக்கிறார்கள். நாவலின் பின்பாதி முழுக்கக் காத்திருத்தல்தான். அடுத்தவர் வண்டியில் லண்டன் போய், அடுத்தவர் வீட்டில் தங்கி, கடிதம் வருமா என்று வாசலைப் பார்ப்பது.

பத்மாவின் பெண்கள் சென்னைக்கு வருகிறார்கள். முதலில் கிடைத்த வேலையைச் செய்து, அலைந்து, பிறகு சௌம்யா ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சின்ன வேலையில் சேர்ந்து மேலே வருகிறாள்; மீனாட்சி பாடகியாகிறாள். 2000-இன் சென்னையில் இதைத் தவிர வேறு எதை எழுதினாலும் பொய்யாக இருந்திருக்கும். படித்த பெண் வீட்டில் உட்கார்ந்து வரனுக்காகக் காத்திருக்கிறாள் என்றால், கம்ப்யூட்டர் வகுப்புப் பலகை தெருவுக்குத் தெரு தொங்கிய அந்த வருஷங்களில் யார் நம்புவார்கள்? ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவளுக்கு உயில் பற்றிய கவலை மெல்லக் கழன்றுவிடும். முதல் பாதியை இழுத்துவந்த எஞ்சின் நின்றுபோய், ‘முன்னேறும் பெண்கள்’ என்ற வேறொரு எஞ்சினைப் பூட்டிக்கொண்டுதான் இரண்டாம் பாதி ஓடுகிறது. நல்ல எஞ்சின்தான். ஆஸ்டினுடையது இல்லை.

இந்தச் சென்னைப் பயணத்தில் யாரும் பேசாத ஒரு சுவாரஸ்யம் உண்டு. ஆஸ்டின் குடும்பத்திலேயே ஒரு பெண் சென்னைக்கு வந்திருக்கிறார். அப்பாவின் அக்கா பிலடெல்ஃபியா, அதாவது ஜேனுக்கு அத்தை. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, லண்டனில் தொப்பி தைக்கும் தொழில் பழகி, சீர் கொடுக்க ஆளில்லாத நிலையில் 1752-இல் கப்பலேறி மதராஸில் வந்து இறங்கினார். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் நிறைய, வெள்ளைக்காரப் பெண்கள் குறைவு. அங்கே போனால் மாப்பிள்ளை கிடைக்கும் என்பதுதான் கணக்கு. கணக்குத் தப்பவில்லை. 1753-இல் கடலூரில், டைசோ சால் ஹான்காக் என்ற கம்பெனி வைத்தியருடன் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தேடி மதராஸுக்குக் கப்பலேறியவரின் மருமகள் எழுதிய நாவல், இரண்டரை நூற்றாண்டு கழித்து, வேலை தேடிச் சென்னைக்கு ரயிலேறும் பெண்களின் கதையாகத் திரும்பி வந்திருக்கிறது. படக்குழுவுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இனி ஆண்கள். வில்லோபி மழையில் மலைச்சரிவில் விழுந்த மரியானைத் தூக்கிக்கொண்டு வருபவன். அழகன், கவிதை ரசிகன், கையில் காசில்லாத செலவாளி. தன்னை நம்பியிருந்த பணக்கார உறவுக்காரி கைகழுவியதும் 50,000 பவுண்டு சொத்துள்ள பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். இந்தக் கடனாளிக் கனவானை இங்கே எங்கே தேடுவது? வேலை வெட்டியில்லாத ஜமீன் வாரிசு என்று எழுதினால் 1950-களின் படமாகிவிடும். ஸ்ரீகாந்த் (அப்பாஸ்) நிதி நிறுவனம் நடத்துகிறவன். நிறுவனம் மூழ்குகிறது, பணம் போட்டவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், மந்திரி ஒருவர் காப்பாற்ற முன்வருகிறார், என் மகளைக் கட்டிக்கொள் என்ற நிபந்தனையோடு.

இன்றைக்குப் பார்க்கிற இளைஞர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். வங்கி தருவதைவிட எவ்வளவோ அதிக வட்டி என்று விளம்பரம் செய்த நிதி நிறுவனங்கள் தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வரிசையாகக் கவிழ்ந்தன. ஓய்வூதியப் பணம், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது, நிலம் விற்றது எல்லாம் போனது. முதலீட்டாளர்களைக் காக்க 1997-இல் மாநில அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நுனி நாக்கு ஆங்கிலம், நல்ல கார், குளிரூட்டிய அலுவலகம், கடைசியில் பூட்டிய ஷட்டர் என்று அந்த மனிதனை எல்லோருக்கும் தெரியும். வில்லோபிக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சட்டை கிடைத்திருக்காது. இன்னொன்றும் நடக்கிறது. நாவலில் வில்லோபி ஏமாற்றுவது பெண்களை மட்டும். ஸ்ரீகாந்தின் வீழ்ச்சியில் ஊரார் சேமிப்பும் சேர்ந்து போகிறது. அதனால் அவன்மீது வரும் கோபம் அதிகம். ஆனால், கடன்காரர் நெருக்கும்போது கழுத்தை நீட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் பரிதாபமும் அதிகம். நாவலில் அவனால் கெட்டுப்போன எலைசா என்ற சின்னப் பெண்ணின் கதை படத்தில் கிடையாது. அதை எடுத்துவிட்டதில் வில்லோபியின் கருநிழல் பாதி போய்விட்டது.

மரியானை விரும்பும் கர்னல் பிராண்டன் விஷயத்தில் சிக்கல் வேடிக்கையானது. மரியான் அவரை ஏன் ஒதுக்குகிறாள்? வயது 35. கம்பளி உள்சட்டை போடுகிற கிழவர், மூட்டு வலிக்காரர், இவருக்கு என்ன காதல் என்று பதினாறு வயதுக்காரி சிரிக்கிறாள். தமிழ் சினிமாவில் 35 வயதைக் கிழம் என்று சொல்லிப் பாருங்கள்! ஐம்பது தாண்டிய கதாநாயகர்கள் கல்லூரி மாணவராக நடித்துக்கொண்டிருந்த ஊர் இது. வயது இங்கே தடையே இல்லை. அதனால் தடையை உடம்புக்கு மாற்றினார்கள். மம்மூட்டியின் பாலா, இலங்கையில் அமைதிப்படையில் இருந்தபோது காலை இழந்தவர், குடிக்கிறவர், பூ வியாபாரம் செய்கிறவர்.

ஆஸ்டினின் பிராண்டனும் கீழ்த்திசையில் ராணுவ வேலை பார்த்தவர்தான். அவர் பேச்சே நவாபு, தங்க மொகர் நாணயம், பல்லக்கு என்றுதான் இருக்கும் என்று வில்லோபி கிண்டல் செய்யும் இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்து வாசகருக்கு அந்த ‘இந்தியா’ தூரத்து வெயில், கொசு, அவ்வளவே. படம் அந்தத் தூரத்துப் போரைப் பக்கத்துக் கடலுக்குக் கொண்டு வந்தது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. திரும்பி வந்தவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஈழத் தமிழர்கள் அந்தப் படையின் கையில் பட்டது வேறு ஒரு பெரிய கதை, அது இந்தப் படத்தில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சீருடைக்காரன் யாரும் மாலை போட விரும்பாத வீரன் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. வரவேற்பறையில் ஓரமாக உட்கார்ந்து, யாரும் கவனிக்காத நேரத்தில் மரியானின் பாட்டை உண்மையாகக் கேட்கும் பிராண்டனின் தனிமைக்கு இது நன்றாகவே பொருந்திப்போகிறது.

கவிதையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மரியானுக்குக் கவிஞர் கூப்பர் உயிர். எட்வர்ட் அவரை உணர்ச்சியில்லாமல் வாசித்தான் என்பதற்காகவே அக்காவின் ரசனைமேல் அவளுக்குச் சந்தேகம் வருகிறது. மீனாட்சிக்குப் பாரதி. இது நேர்ப் பெயர்ப்பு மாதிரித் தோன்றும். ஆனால் கூப்பரைவிடப் பாரதி ஆபத்தானவர். கூப்பரை அந்தக் காலத்தில் படித்த குடும்பங்கள் வாசித்தன. பாரதியைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன அத்தனை பேருக்கும் தெரியும். ‘சுட்டும் விழிச் சுடர்தான் கண்ணம்மா’ என்று ஒருவன் சொன்னால் அது ரசனையா, மனப்பாடமா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்ரீகாந்திடம் மீனாட்சி ஏமாறும் இடம் அதுதான். படத்தின் தலைப்பிலும் இதே விளையாட்டு இருக்கிறது. ‘நாடினேன் நாடி நான் கண்டுகொண்டேன்’ என்று திருமங்கையாழ்வார் பாடியது நாராயண நாமத்தை. பக்திச் சொல் காதலுக்குக் குடிமாறி வந்து தலைப்பாக உட்கார்ந்திருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் பழகிய குரல் மாதிரி ஒலிக்கிறது.

இவ்வளவும் சரியாக விழுந்த படத்தில் ஓட்டை எங்கே என்றால், அக்கா பக்கம். நாவலின் அச்சு எலினாரின் மௌனம். எட்வர்ட் நாலு வருஷம் முன்பு, விடலைப் பருவத்தில், லூசி ஸ்டீல் என்ற பெண்ணுக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்தவன். இப்போது அவளை அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வாக்கு வாக்குதான். ஆண் பின்வாங்கினால் பெண்ணின் பெயர் கெடும். லூசி இதை எலினாரிடமே ‘ரகசியம்’ என்று சொல்லி, அவள் வாயைக் கட்டிவிடுகிறாள். மாதக்கணக்கில் எலினார் யாரிடமும், தங்கையிடம்கூட, சொல்லவில்லை. மரியான் வீடே அதிர அழுதுகொண்டிருக்க, அதே காயத்தோடு அக்கா அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நாவலின் தலைப்பில் உள்ள இரண்டு சொற்களும், நிதானமும் உணர்ச்சியும், மோதுவது இங்கேதான்.

படத்தில் லூசி இல்லை. மனோகர் முதலில் படம் இயக்கிவிட்டுத்தான் கல்யாணம் என்கிறான். பிறகு அவனுடைய கதாநாயகியோடு சேர்த்துக் கிசுகிசு. சௌம்யாவை ஊர் ராசியில்லாதவள் என்று பேசுவது வேறு சேர்கிறது. தபு தன் முகத்தாலேயே பாதியைச் சமாளித்துவிடுகிறார். ஆனாலும் ரகசியத்தைக் காப்பவளுக்கும் பத்திரிகைச் செய்தியால் புண்படுபவளுக்கும் ரொம்ப தூரம். முன்னவள் ஒன்றைச் செய்கிறாள். பின்னவளுக்கு ஒன்று நேர்கிறது. எலினாரின் பலம் அடக்கத்தில் இருந்தது, சௌம்யாவிடம் அது வெறும் தயக்கமாகச் சுருங்கிவிட்டது.

இதற்குத் தமிழில் தடை கிடைக்காமல் இல்லை என்பதுதான் என் வருத்தம். முறைப்பெண் என்ற ஏற்பாடு என்னத்துக்கு இருக்கிறது? ‘பிறந்தப்பவே பேசி வெச்சாச்சு’ என்ற ஒரு வரி போதாதா? அத்தை மகளோ மாமன் மகளோ காத்திருக்கிறாள், இவன் மறுத்தால் அவளை வேறு யாரும் கேட்க மாட்டார்கள், இரண்டு குடும்பமும் வெட்டிக்கொள்ளும். அந்தப் பெண்ணே வந்து சௌம்யாவின் கையைப் பிடித்து, “அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்” என்று ஆரம்பித்தால் எப்படி இருந்திருக்கும்! 2000-இல் காரைக்குடியில் மட்டுமல்ல, கோடம்பாக்கத்திலும் நம்பும்படியான தடை அது. நட்சத்திரக் கதாநாயகனுக்கு அப்படி ஒரு கறை வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

தடையைத் தேடிப் பிடிப்பதில் மற்ற ஊர்க்காரர்கள் செய்ததையும் பார்க்கலாம். 2011-இல் இதே நாவலை லாஸ் ஏஞ்சலஸ் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் வைத்து ஒரு படம் வந்தது. அங்கே பெண்கள் வீட்டை இழப்பது அப்பா கடனாளியாகச் செத்ததால். ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ நாவலில் லிடியா ஒருவனோடு ஓடிப்போவது குடும்பத்தையே மூழ்கடிக்கும் அவமானம். 2012-இல் அமெரிக்காவில் அதை இணையத் தொடராக எடுத்தவர்கள், இருபது வயதுப் பெண் ஒருவனோடு போவது அங்கே செய்தியே இல்லை என்று கண்டு, அந்தரங்க வீடியோவை இணையத்தில் விற்கக் கிளம்பும் காதலனாக மாற்றினார்கள். 1813-இல் இருந்த கூச்சம் 2012-இல் எங்கே குடியிருக்கிறது என்று சரியாகத் தட்டிய கதவு அது.

மரியான் லண்டனில் வில்லோபிக்கு அடுத்தடுத்து மூன்று கடிதம் எழுதிப் பதிலுக்குத் தவிப்பதை இன்றைக்கு வைக்க யாரும் யோசிக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக்கோடு விழுந்திருக்கும், பதில் வந்திருக்காது. கஷ்டம் முதல் அத்தியாயத்தில்தான். 2005-க்குப் பிறகு பெண்ணுக்குச் சட்டத்தில் சமபங்கு. உயில் என்ற பழைய வித்தை இன்னும் செல்லும் என்றாலும், அது அரைத்த மாவு. வேறு தடை வேண்டும்.

அது பத்திர ஆபீசில் இருக்கிறது என்று நினைக்கிறேன். விடுதலைப் பத்திரம் என்ற பெயரில். சட்டம் கொடுத்த பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று தங்கை தானாக எழுதிக் கொடுப்பது. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. உனக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டோமே, கோர்ட்டுக்குப் போனால் பிறந்த வீட்டு வாசல் மிதிக்க முடியுமா, நாளைக்கு உன் பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் வேண்டாமா. ஃபேனி பேசுவது போலவே, குரல் உயராமல், ஒவ்வொரு படியாக. யாராவது இந்த நாவலை இப்போது தமிழில் எழுத உட்கார்ந்தால் இப்படித் தொடங்கலாம்: சார்பதிவாளர் அலுவலக வாசலில் வேப்பமரத்தடி, மூன்று பெண்கள், டோக்கன் எண் கூப்பிடும்வரை காத்திருக்கிறார்கள். உள்ளே பெருவிரல் ரேகை வைத்து, போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட்டு முடிகிறது. வெளியே வந்ததும் அண்ணி காரின் டிக்கியைத் திறக்கிறாள். மீனுக்கு இது பருவமில்லை. ஆளுக்கொரு பை மாம்பழம், தோட்டத்தில் காய்த்தது.